சும்மா இருக்கும்போது கீச்சிடும் லினக்ஸ் லேப்டாப்: சிபியுபவர், டியூன்டி, டிஎல்பி மதிப்புரை

லேப்டாப் சும்மா இருக்கும்போது சில்வண்டு மாதிரி மெல்லிசாகக் கத்துகிறது. ஏதாவது பெரிய வேலை கொடுத்ததும் கப்பென்று அடங்கிவிடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து நடந்தால் விசிறியைக் கழற்ற வேண்டாம், சர்வீஸ் கடைக்கும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். கத்துவது பிராசசரை ஒட்டியிருக்கும் மின்சுற்று. அதைக் கத்தவைப்பது லினக்ஸின் மையமான கெர்னலின் மின்சேமிப்பு. மென்பொருளாலேயே இதை அடக்கலாம்.

இதற்கு லினக்ஸில் கருவிகள் நிறைய இருக்கின்றன. எல்லாமே இந்த வேலைக்கு ஆகாது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பிராசசரின் எந்த உறக்கநிலை (வேலை இல்லாதபோது அது தூங்கும் ஆழத்தின் படி) கத்துகிறது என்று கண்டுபிடிக்க சிபியுபவர் (cpupower), கண்டுபிடித்ததை நிரந்தரமாக்க டியூன்டி (tuned). எல்லோரும் முதலில் கைகாட்டும், கெர்னல் தொடங்கும்போதே கொடுக்கும் பூட் பாராமீட்டர் வழி இந்த இரண்டுக்கும் பிறகுதான். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறது. டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதலில் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. பிராசசருக்கு ஏறத்தாழ 1 வோல்ட் அளவில் மின்சாரம் தரும் ரெகுலேட்டர் மதர்போர்டில் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் சதுரச் சதுரமாகச் சாம்பல் கட்டிகள் தெரியும், அவை காயில்கள். அவற்றைச் சுற்றி அரிசி மணியைவிடச் சின்னதாக, பழுப்பு நிறத்தில் வரிசையாக ஒட்டியிருப்பவை அடுக்குப் பீங்கான் கெப்பாசிட்டர்கள். இவற்றில் இருக்கும் பேரியம் டைட்டனேட் பீங்கானுக்கு ஒரு குணம் உண்டு. அதன் மேலுள்ள வோல்டேஜ் மாறினால் அது இம்மியளவு சுருங்கி விரியும். சால்டர் போட்டு போர்டோடு இறுக்கியிருப்பதால் அந்தச் சுருக்கம் போர்டையே வளைத்து நிமிர்த்தும். போர்டு தவில் தோல் மாதிரி அதிரும். காயிலும் கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் துடிக்கும்.

ரெகுலேட்டர் நொடிக்குப் பல லட்சம் முறை சுவிட்ச் ஆகிறது. மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் என்பதால் அது நமக்குக் கேட்காது. ஆனால் பிராசசர் வேலை இல்லாதபோது தூங்கி, டைமர் தட்டினால் விழித்து, மறுபடி தூங்குகிறது. இது நொடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் முறை நடக்கும். ஒவ்வொரு விழிப்பிலும் கரண்ட் திடீரென எகிறுகிறது, ஒவ்வொரு உறக்கத்திலும் சரிகிறது. அந்தத் தாளம் நேராகக் காதுக்குள் வருகிறது. அதன் மடங்குகள் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் விழுந்துவிட்டால் தாங்க முடியாது, ஏனென்றால் நம் காது மிகக் கூர்மையாக இருப்பது அங்கேதான்.

இது புதிய நோயும் அல்ல. பென்டியம் எம் காலத்துத் திங்க்பேடுகளிலேயே இருந்தது. 2.6 வரிசைக் கெர்னல் டைமர் துடிப்பை 100-லிருந்து 1000 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தியது. அந்த லேப்டாப்புகள் 1 கிலோஹெர்ட்ஸில் பாட ஆரம்பித்தன. 2005-ல் 2.6.13 வந்தபோது 250 இயல்பானது. 2007 ஏப்ரலில் வந்த 2.6.21-ல் சும்மா இருக்கும் பிராசசருக்குத் துடிப்பையே நிறுத்தும் வசதி வந்தது. அதன்பிறகு நிலைமை நன்றாகவே தேறியது. இன்றும் கேட்கிறதென்றால், உலாவியில் திறந்து கிடக்கும் டேப்கள், பாட்டு, ஒயர்லெஸ், மவுஸ் என்று பிராசசரை ஓயாமல் தட்டி எழுப்ப ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

கருவியைத் தொடுமுன் சோதனை ஒன்று. சத்தம் கேட்கும்போது டெர்மினலில் யெஸ் > /டெவ்/நல் என்று கொடுங்கள். ஒரு கோர் முழு வேகத்தில் ஓடும். அந்த நொடியே சத்தம் நின்று, கன்ட்ரோல்-சி கொடுத்ததும் திரும்ப வந்தால், ஆழ்ந்த உறக்கநிலைதான் காரணம். ஒன்று போதாவிட்டால் இரண்டு மூன்று டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள். இடத்தைப் பிடிக்க, ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறு முனையை விசைப்பலகை மீதும் வைத்து மெல்ல நகர்த்துங்கள். பெரும்பாலும் மேல்வரிசை விசைகளின் பக்கம், பிராசசர் இருக்கும் இடத்தில் உரக்கக் கேட்கும்.

வேலை கொடுத்தால் சத்தம் கூடுகிறது என்றால் இந்த மதிப்புரையில் சொல்லும் எதுவும் உதவாது. அது சுமை ஏறும்போது வரும் சத்தம். பிராசசர் வேகத்தைத் தற்காலிகமாக ஏற்றும் டர்போவை நிறுத்திப் பார்ப்பதுதான் அதற்கு வழி: இன்டெல் என்றால் இன்டெல்_பிஸ்டேட் கோப்பகத்தில் உள்ள நோ_டர்போ கோப்பில் 1 எழுத வேண்டும். ஹெட்போனில் மட்டும் கேட்டால் அது ஒலிச் சிப்பின் மின்சேமிப்பு; எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல் மாட்யூலுக்கு பவர்_சேவ்=0 கொடுத்தால் தீரும். திரை வெளிச்சத்தைக் குறைக்கும்போது மட்டும் வந்தால் அது பேக்லைட். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் சார்ஜரையே காதருகே வைத்துக் கேளுங்கள், பல நேரம் கத்துவது அதுதான். மவுஸை நகர்த்தும்போது மட்டும் கீச்சிடுகிறதா? நொடிக்கு 1000 முறை தகவல் அனுப்பும் கேமிங் மவுஸ் பிராசசரை அத்தனை முறை எழுப்பும். அதைக் கழற்றிவிட்டு டச்பேடில் வேலை செய்து பாருங்கள். இந்த வேறுபாடுகளைப் பார்க்காமல் நேராக கெர்னல் அமைப்பை மாற்றப் போகிறவர்கள்தான் "எல்லாம் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சோர்ந்துபோகிறார்கள்.

இனி சிபியுபவர். கெர்னல் மூலநிரலோடு சேர்ந்தே வரும் கருவி. டெபியனில் லினக்ஸ்-சிபியுபவர் என்ற பொதியில் இருக்கிறது. ஃபெடோராவில் கெர்னல்-டூல்ஸ், ஆர்ச்சிலும் ஓப்பன்சூசேயிலும் சிபியுபவர் என்ற பெயரிலேயே. உபுண்டுவில்தான் கவனம் தேவை. அங்கே ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் தனித்தனியாக லினக்ஸ்-டூல்ஸ் பொதி வேண்டும். ஒரு பதிப்புக்கு மட்டும் நிறுவினால், அடுத்த கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு இந்தக் கெர்னலுக்கு சிபியுபவர் இல்லை என்று எச்சரிக்கை வந்து நிற்கும். தானாக ஓடவேண்டிய சேவையும் தோற்றுவிடும். லினக்ஸ்-டூல்ஸ்-ஜெனரிக் என்ற பொதுப் பொதியை நிறுவினால் அது கெர்னலோடு கூடவே வரும்.

சிபியுபவர் ஐடில்-இன்ஃபோ என்று கொடுத்தால் உறக்கநிலைகளின் பட்டியல் வரும். இன்டெல் ஸ்கைலேக் குடும்பத்து லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். 0 என்பது போல் (poll), அதாவது தூங்காமலே காத்திருப்பது. 1 சி1, 2 சி1இ, 3 சி3, 4 சி6, 5 சி7எஸ், 6 சி8, 7 சி9, 8 சி10. ஒவ்வொன்றின் கீழும் லேட்டன்சி என்று ஓர் எண் இருக்கும். அந்த உறக்கத்திலிருந்து விழிக்க எத்தனை மைக்ரோநொடி ஆகும் என்பது அது. சி1-க்கு 2, சி1இ-க்கு 10, சி3-க்கு 70, சி6-க்கு 85, சி7எஸ்-க்கு 124, சி8-க்கு 200, சி9-க்கு 480, சி10-க்கு 890. உங்கள் இயந்திரத்தில் பட்டியல் இதைவிடச் சின்னதாக இருக்கலாம். ஏஎம்டி ரைசனில் வழக்கமாக சி1, சி2 என்று இரண்டு, அல்லது சி3-யும் சேர்த்து மூன்று. இந்த லேட்டன்சி எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். டியூன்டிக்குக் கடைசியில் இவைதான் வேண்டும்.

இங்கே பலர் தடுமாறுவது எண்ணில். கட்டளைக்குக் கொடுப்பது பட்டியலின் வரிசை எண், சி-க்குப் பின்னால் வரும் எண் அல்ல. மேலே உள்ள பட்டியலில் சி8-ஐ நிறுத்த 6 கொடுக்க வேண்டும். 8 கொடுத்தால் சி10 நிற்கும்.

ஆழத்திலிருந்து மேலே வாருங்கள். சூடோ சிபியுபவர் ஐடில்-செட் -டி 8, சின்ன எழுத்து டி (d). எல்லாக் கோர்களுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும், ரீபூட் வேண்டாம். ஐடில்-இன்ஃபோவில் சி10-க்குப் பக்கத்தில் டிசேபிள்ட் என்று காட்டும். ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் 7, பிறகு 6. சில இயந்திரங்களில் சி10-ஐ மட்டும் நிறுத்தினாலே போதும். சிலவற்றில் சி6 வரை வர வேண்டியிருக்கும். எந்தப் படியில் சத்தம் நிற்கிறதோ அங்கே நில்லுங்கள், அதற்கு மேலே உள்ள நிலைகளைத் தொடாதீர்கள். ஒவ்வொரு நிலையும் பேட்டரி நேரம். தவறிப்போனால் பெரிய எழுத்து இ (E) கொண்ட ஐடில்-செட் -இ எல்லாவற்றையும் பழையபடி திறந்துவிடும். ரீபூட் செய்தாலும் நீங்கள் மாற்றியதெல்லாம் போய்விடும். பரிசோதனைக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை, அதனால்தான் சிபியுபவர் இந்த வேலைக்கு முதல் தேர்வு.

பெரிய எழுத்து டி (D) வேறு கதை. ஐடில்-செட் -டி 200 என்று பெரிய எழுத்தில் கொடுத்தால் லேட்டன்சி 200-ம் அதற்கு மேலும் உள்ள எல்லா நிலைகளும் ஒரே வீச்சில் நிற்கும். சி8, சி9, சி10 மூன்றும் போய்விடும். 0 மட்டும் கொடுத்துவிடாதீர்கள், எல்லாமே அடைபட்டுப்போகும்.

சிபியுபவரின் குறை, அமைப்பை நினைவில் வைத்திருக்காது என்பது. பூட் ஆகும்போது ஓடும் சிஸ்டம்டி சேவை ஒன்றை நீங்களே எழுத வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் மூடியை மூடினால் நடப்பது எஸ்2ஐடில் என்ற மெல்லுறக்கம். /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் கோப்பைத் திறந்து பாருங்கள். எஸ்2ஐடில் என்பது சதுர அடைப்புக்குள் இருந்தால் உங்களுடையதும் அதுதான். இன்டெல்லில் அந்த உறக்கம் உண்மையில் மின்சாரத்தைச் சேமிக்க, மொத்தப் பிராசசரும் சி10 வரை இறங்க வேண்டும். சி10-ஐ நீங்கள் நிறுத்திவைத்தால் அது இறங்காது. மூடிய லேப்டாப் பைக்குள்ளேயே சூடாகும், காலையில் பேட்டரி காலியாக இருக்கும். சத்தத்தை அடக்கியவர் ஒரு வாரம் கழித்துப் பேட்டரி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கப் போகும் அபாயம் இங்கேதான்.

இதற்கு மாற்று உண்டு. சிஸ்டம்டியின் சிஸ்டம்-ஸ்லீப் கோப்பகத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வையுங்கள். அதன் முதல் அளவுரு ப்ரீ என்றால் ஐடில்-செட் -இ, போஸ்ட் என்றால் உங்கள் -டி வரிகள். இயங்கும் அனுமதி கொடுக்க மறக்க வேண்டாம். மறந்தால் பிழை எதுவும் காட்டாமல் சும்மா கிடக்கும்.

பூட் பாராமீட்டர் வழியில் இந்த நெகிழ்ச்சி எதுவும் இல்லை. பூட் மெனுவான க்ரப்பில் இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1 அல்லது ப்ராசசர்.மேக்ஸ்_சிஸ்டேட்=1 சேர்ப்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை. சத்தம் நிற்கும், உண்மைதான். ஆனால் சி10 ஒன்று மட்டும் கத்தும் இயந்திரத்தில் எட்டு நிலைகளில் ஏழைத் தூக்கி எறிகிறோம். பேட்டரியில் ஓடினாலும், மூடி மூடினாலும், எப்போதும் அதே நிலைதான். மாற்ற ரீபூட் வேண்டும். இன்னொரு குழப்பமும் உண்டு: இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=0 என்றால் உறக்கமே இல்லை என்று நினைத்து அதைக் கொடுக்கிறார்கள். அது இன்டெல் டிரைவரை மட்டும் நிறுத்தும். வேலை ஏசிபிஐ டிரைவரிடம் போய், அது தன் பங்குக்கு ஆழ்ந்த நிலைகளை இறக்கும், சத்தம் தொடரும். ஐடில்=போல் பக்கமே போகாதீர்கள். எல்லாக் கோரும் ஓயாமல் சுற்றும், விசிறி நிற்காது.

பயாஸில் சி-ஸ்டேட்ஸ் கன்ட்ரோல் என்று ஒரு தேர்வு சில மாடல்களில் உண்டு, டெல் லேப்டாப்புகள் பலவற்றில் பார்க்கலாம். அதை அணைப்பதும் இதே முரட்டு வழிதான், அதே பேட்டரி இழப்போடு. விண்டோஸும் சேர்த்து ஓட்டுகிறவருக்கு இரண்டிலும் சத்தம் நிற்கும் என்பது மட்டும் கூடுதல்.

லேப்டாப் பேட்டரியைச் சேமிக்க டிஎல்பி அருமையான கருவி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த நோய்க்கு அது மருந்து அல்ல. டிஎல்பி.கான்ஃப் கோப்பில் சி-நிலைகளை நிறுத்தும் வரி கிடையாது. அது தொடுவது பிராசசர் வேகத்தை ஆளும் கவர்னர், டிஸ்க், யூஎஸ்பி, பிசிஐ, ஒலிச் சிப் ஆகியவற்றை. ஹெட்போன் சத்தத்துக்கு சவுண்ட்_பவர்_சேவ்_ஆன்_ஏசி=0 உதவும், அவ்வளவே. பவர்டாப் நோயறிய உதவும்: முதல் பக்கத்தில் நொடிக்கு எத்தனை விழிப்பு, எந்த நிரல் எழுப்புகிறது என்று பெயரோடு காட்டும். அந்த நிரலை மூடினால் சத்தத்தின் சுருதி மாறுவதைக் காதாலேயே கேட்கலாம். அதன் ஆட்டோ-டியூன் வேறு விஷயம். மின்சேமிப்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் போட்டுவிடும். எப்போதோ படித்த குறிப்பைப் பார்த்து அதை பூட் சேவையாக வைத்திருந்தால், வேறு எதையும் மாற்றுமுன் முதலில் அதை நிறுத்துங்கள்.

மிச்சம் டியூன்டி. இது நிலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துவதில்லை. "விழிக்க இத்தனை மைக்ரோநொடிக்கு மேல் ஆகக்கூடாது" என்று கெர்னலிடம் ஒரு வரம்பு வைக்கிறது. அதற்கு /டெவ்/சிபியு_டிஎம்ஏ_லேட்டன்சி என்ற கோப்பைத் திறந்து, எண்ணை எழுதி, மூடாமல் பிடித்துக்கொள்கிறது. கோப்பு மூடப்பட்டால் வரம்பும் போய்விடும். இதில்தான் பெரிய லாபம். எஸ்2ஐடில் உறக்கத்துக்குப் போகும்போது கெர்னல் இந்த வரம்பைப் பார்ப்பதில்லை. ஆழமான நிலைக்குத் தாராளமாக இறங்கும். வேலை செய்யும்போது அமைதி, மூடி மூடினால் முழு உறக்கம், எந்த ஸ்கிரிப்டும் வேண்டாம். வேறு எந்த வழியும் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை.

அமைப்பது பத்து நிமிட வேலை. /ஈடிசி/டியூன்டி/ப்ரொஃபைல்ஸ் கீழே, பழைய பதிப்பானால் நேராக /ஈடிசி/டியூன்டி கீழே, உங்களுக்குப் பிடித்த பெயரில் ஒரு கோப்பகம். சைலன்ட் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே டியூன்டி.கான்ஃப் என்ற கோப்பு, மொத்தம் நாலே வரி: சதுர அடைப்புக்குள் மெயின்; அடுத்து இன்க்ளூட்=பேலன்ஸ்ட்; சதுர அடைப்புக்குள் சிபியு; கடைசியாக ஃபோர்ஸ்_லேட்டன்சி=199. பிறகு சூடோ டியூன்டி-ஏடிஎம் (tuned-adm) ப்ரொஃபைல் சைலன்ட். ஏன் 199? சி8-க்கு விழிப்பு நேரம் 200. இந்த வரம்பில் சமமான எண்ணுக்கு அனுமதி உண்டு, 200 என்று எழுதினால் சி8 உள்ளே வந்துவிடும். சிபியுபவரின் பெரிய டியில் சமமான எண் தடுக்கப்படும். இரண்டும் நேர் எதிர். இதை நினைவில் வைத்தால், ஒன்றில் சரியாக வந்த எண்ணை அப்படியே மற்றதில் போட்டுவிட்டு, சத்தம் ஏன் திரும்பியது என்று குழம்ப வேண்டியிருக்காது.

சரியாகப் பிடித்ததா என்று பார்க்க, ஐடில்-இன்ஃபோவைச் சில நொடி இடைவெளியில் இருமுறை கொடுங்கள். சி8 முதல் சி10 வரை யூசேஜ் எண் ஏறக்கூடாது. இங்கே டிசேபிள்ட் என்று காட்டாது. நிலைகள் நிறுத்தப்படவில்லை, தேர்ந்தெடுக்கப்படாமல் இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஃபெடோரா 41 முதல் டெஸ்க்டாப்பின் பவர் மெனுவுக்குப் பின்னால் இருப்பதே டியூன்டிதான். /ஈடிசி/டியூன்டி/பிபிடி.கான்ஃப் கோப்பில் ப்ரொஃபைல்ஸ் பகுதியில் பேலன்ஸ்ட்=பேலன்ஸ்ட் என்பதை பேலன்ஸ்ட்=சைலன்ட் ஆக்குங்கள். பேட்டரி பகுதியில் இருக்கும் பேலன்ஸ்ட்-பேட்டரி வரியைத் தொடாதீர்கள். டியூன்டி, டியூன்டி-பிபிடி இரண்டு சேவைகளையும் ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. சார்ஜரில் இருக்கும்போது அமைதி, பேட்டரிக்கு மாறியதும் தானாக மின்சேமிப்பு. மேசையில் உட்கார்ந்து எழுதுபவருக்கு இதுவே போதும். டெபியன், உபுண்டுவில் டியூன்டியைத் தனியாக நிறுவலாம், ஆனால் டிஎல்பியையோ பவர்-ப்ரொஃபைல்ஸ்-டெமனையோ கூடவே ஓடவிடக் கூடாது. இரண்டு பேர் ஒரே ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரி ஆகும்.

விலை என்ன என்று கேட்டால், பேட்டரி நேரம். எவ்வளவு என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், நீங்களே அளந்துவிடுவது நல்லது. சார்ஜரைப் பிடுங்கி, வெளிச்சத்தை ஒரே அளவில் வைத்து, ஐந்து நிமிடம் சும்மா விட்டு, பவர்டாப் காட்டும் வாட் அளவை வரம்புக்கு முன்னும் பின்னும் குறியுங்கள். 50 வாட்-மணி பேட்டரி 5 வாட்டில் 10 மணி நேரம் வரும். அதுவே 7 வாட் ஆனால் 7 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். சி10-ஐ மட்டும் நிறுத்தும்போது வித்தியாசம் பல நேரம் சின்னதாகவே இருக்கும். சி1 மட்டும் மிஞ்சும்போதுதான் உறைக்கும்.

மதிப்பெண் போட்டால் டியூன்டிக்கு ஐந்துக்கு நாலரை. கோப்பகப் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதற்கு அரை குறைகிறது. சிபியுபவருக்கு நாலு. நோயறிவதற்கு மட்டும் என்றால் ஐந்தே கொடுக்கலாம். பூட் பாராமீட்டருக்கு இரண்டு, அதுவும் டெஸ்க்டாப் மாதிரி எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் பழைய லேப்டாப்புக்கு. டிஎல்பிக்கு இந்த வேலையில் மதிப்பெண் போடுவது நியாயமில்லை, அது இதற்காகச் செய்யப்பட்டதே அல்ல.

சி1 மட்டும் மிஞ்சும்வரை நிறுத்தியும் கீச்சொலி அப்படியே இருந்தால், யெஸ் சோதனையை மறுபடி செய்யுங்கள். அதிலும் நிற்கவில்லையென்றால் கத்துவது பிராசசரின் ரெகுலேட்டர் அல்ல. எஸ்எஸ்டியையும் சந்தேகப்படுங்கள்: என்விஎம்இ டிஸ்குக்கும் தனி மின்சேமிப்பு உண்டு, என்விஎம்இ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யூஎஸ்=0 என்று ஒரே ஒரு முறை க்ரப் திரையில் இ அழுத்தி வரியில் சேர்த்து பூட் செய்து பாருங்கள். சத்தம் நின்றால் மட்டும் நிரந்தரமாக்குங்கள். அதற்கும் அடங்காதது வாரன்டியில் போர்டு மாற்றவேண்டிய கேஸ். அப்போது காகிதக் குழலின் ஒரு முனையை மொபைலின் மைக்கில் வைத்து, யெஸ் கட்டளைக்கு முன்னும் பின்னும் பதிவு செய்த முப்பது நொடி ஒலியைக் கையோடு எடுத்துப் போங்கள். சர்வீஸ் மையத்தின் இரைச்சலில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்காது.